ஓலையில் இரண்டு தடவை வந்த பேர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து சரளமாக வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், மாதா கோயிலில் பூசைக்குக் கொடுக்கும் வேண்டுதல் சீட்டும்தான். மறதி வேறு. காலையில் என்ன குழம்பு வைத்தேன் என்று மத்தியானம் சட்டியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதனால் முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசம் பூசை முடிந்து நம்ம வயசுப் பெண்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்கு ஒருத்தி கேட்டாள்: "ஒங்க பொறந்த வூட்டுப் பேரு இன்னாமோ வெள்ளக்காரன் பேராட்டம் இருக்குமே, அது எப்டி வந்துச்சு?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். கேள்வி கேட்ட இடத்தில் வாய் வராது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பதில் வரும். அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகிவிட்டது.

பேர் லஷாரெத். ஊர் வாயில் அது லசாரெத்து. நம்ம பக்கத்தில் அப்பா பேருக்கு முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டு போகிறதுதானே வழக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்தில், 'எங்கள் சாதி வழக்கம் எங்களுக்கு வேண்டாம், உங்கள் சட்டத்துக்கே வந்துவிடுகிறோம்' என்று கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் குடும்பத்துக்கென்று ஒரு பேர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்ததாம். டவுனில் அந்த மாதிரிக் குடும்பங்கள் நிறைய. குருவிநத்தத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக இருந்த எங்கள் சின்ன ஊரில், வயல் வேலைக்குப் போகிற சனங்களில், எங்கள் வீடு ஒன்றுதான். என் அப்பாவுக்குப் பூட்டன் கையெழுத்துப் போட்டவர்.

அந்தப் பேரை யாரும் தினமும் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு என்று எழுத வேண்டி வந்தால்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் எங்கள் பச்சை டிரங்குப் பெட்டிக்குள் படுத்திருக்கும். பெட்டியைத் திறந்தால் வசம்பு வாசனையும் பழைய பட்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும். அடியில் கெட்டியான ஒரு பத்திரம், மேலே ஒரு முத்திரை, உள்ளே எறும்பு ஊர்ந்தது மாதிரி பிரெஞ்சு எழுத்து. பெட்டி மூடியின் மேல் அப்பா வெள்ளைப் பெயிண்டில் அந்தப் பேரை எழுதியிருந்தார். அவருக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாது. பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தது.

அர்த்தம் என்ன என்று கேட்டால் அப்பாவுக்கு மார்பு விரியும்.

"குதிரப் படைக்குத் தளபதி பேருடி அது. அவன் வரான்னா ரோடே காலியாயிடும்."

"யாருப்பா சொன்னாங்க?"

"எங்கப்பன் சொன்னாரு. அவங்கப்பன் அவருக்குச் சொன்னாரு."

அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. எதிர்வீட்டுக்காரர் அந்தக் கரும்பை ஏற்றுகிற மாட்டு வண்டிக்காரர். இரண்டு பேரும் சிநேகிதர்கள்தான், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் சீண்டாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. "நாங்க தளபதி பரம்பர. நீ மாட்டு வால முறுக்குற பரம்பர" என்று அப்பா தெருவில் நின்று சொல்வார். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவர் பெண்சாதி சிரிக்க மாட்டாள். அவளை நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். அவள் எல்லாவற்றையும் மனசுக்குள் மடித்து வைத்துக்கொள்கிறவள்.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் அது. பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம்தான் அத்தைக்கு வில்லியனூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது.

அத்தை என்றால் என் அப்பாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் சின்ன வயசிலேயே போய்விட்டதால் என் அம்மாதான் தலைவாரி வளர்த்தது. வயசு இருபத்திரண்டு ஆகியும் ஒன்றும் கூடிவரவில்லை. ஒருத்தன் நிறம் குறைச்சல் என்றான், ஒருத்தனுக்குத் தாய் தகப்பன் இல்லாத பெண் வேண்டாமாம். அத்தை தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "போனா போறான்டி, அவன் காதப் பாத்தியா, மொறம் மாதிரி" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கும். தெருவில் இருந்த ஜாக்கெட்டெல்லாம் அத்தை தைத்ததுதான்.

வில்லியனூர் மாப்பிள்ளை பஞ்சாலையில் வேலை. அவரும் அவர் அம்மாவும் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அந்தம்மா உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்குப் பாய் போட்டோம். அவர் பாயில் உட்காராமல் நேரே போய் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சுண்டல் கொடுத்தபோதும் எழுந்திருக்கவில்லை, காப்பி கொடுத்தபோதும் எழுந்திருக்கவில்லை. "நல்ல அழுத்தமான புள்ள" என்றாள் அம்மா. அத்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் காதைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த வாரம். புத்தகத்துக்கு அட்டை போடாமல் வந்தால் வெளியே நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நம்மைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும். வெளியே நிற்பதென்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் செய்தித்தாள் வாங்குகிற வழக்கம் இல்லை. அப்பா தோட்டத்தில், அம்மா கழனியில். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கெட்டியான பேப்பர், அளவு எடுத்து வைத்த மாதிரி இருந்தது. ஒருபக்கம் கிறுக்கல், மறுபக்கம் சுத்தம். கிறுக்கலை உள்பக்கம் வைத்து மடித்தேன். புத்தகத்தின் முதுகு வருகிற இடத்தில், மேலேயும் கீழேயும் முக்கோணமாக வெட்டி எடுக்க வேண்டும் இல்லையா, அப்போதுதானே மடங்கும்? அத்தையின் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினேன். அந்த இரண்டு துண்டையும் அடுப்பில் போட்டேன். பழைய சோற்றை நசுக்கி ஒட்டினேன். சுத்தமான பக்கத்தில் பென்சிலால் 'தமிழ்ப் புத்தகம், மூன்றாம் வகுப்பு' என்றும், கீழே என் பேரும், முத்து முத்தாக எழுதினேன். டீச்சர் என் அட்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, "இது மாதிரி போடணும்" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. நமக்குத் தெரிந்ததுதான், என்றாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில், பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று வாசிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பேர். தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும்.

சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் எழுந்து வாசித்தார். மாப்பிள்ளை பேரைச் சொல்லி, "லஷாரெத்துக்கும்" என்றார். அத்தை பேரைச் சொல்லி, "லஷாரெத்துக்கும்" என்றார். நின்றார். தப்பாக எழுதிவிட்டோமோ என்று தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மறுபடியும் அதே மாதிரி இரண்டு தடவை வந்தது. பொம்பளைகள் பக்கத்தில் முக்காடுகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. அத்தை மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோயில் வாசலில் சின்னம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாபா மேஸ்திரி இது? ஒரே பேரு, ஒரே குடும்பம். பங்காளி வூட்லயா பொண்ணக் குடுக்கப் போற? அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா மோதரம் மாத்தப் போறீங்க?"

"அவங்க யாரோ, நாங்க யாரோ. வில்லியனூரு எங்க, நாம எங்க?"

"தளபதிக்கு எத்தினி ஊருல புள்ளையோ, யாரு கண்டா?" என்றாள் சின்னம்மா. நாலு பேர் சிரித்தார்கள். அப்பா முகம் சுண்டைக்காயாகிவிட்டது.  அந்தப் பேர் வேறு யாருக்கும் கிடையாது, எங்கள் ரத்தத்துக்கு மட்டும்தான் என்று வருஷக்கணக்காக ஊரெல்லாம் சொல்லி வைத்தவரே அவர்தான்.

சாமியார் நல்ல மனுஷர். "சபைச் சட்டத்துல எனக்குத் தடை ஒண்ணும் தெரியல. அவ்ளோ கிட்டத்து சொந்தமா இருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா ஊரு முறை இல்லன்னு சொல்ற கல்யாணத்த நான் செஞ்சி வச்சா, அந்தப் பொண்ணு ஊருக்குள்ள எப்படி நடக்கும்? ரெண்டாம் ஓலை வாசிக்கிறேன். மூணாம் ஓலைக்குள்ள, பங்காளியா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. இல்லன்னா நிறுத்திடலாம்" என்றார்.

திங்கட்கிழமையே வில்லியனூர் அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டது. அங்கேயும் அதே கதைதான். "எங்க கோயில்லயும் ரெண்டு தரம் வாசிச்சாங்க. எங்க தெருவே என்னப் பாத்து, மருமவளா மவளான்னு கேக்குது. நீங்க பேரச் சொல்லவே இல்லியே?" என்றது.

"நீங்களும்தான் சொல்லல" என்றாள் அம்மா.

அதுவும் நியாயம்தான். பெண் கேட்கிற இடத்தில் நிலம் எவ்வளவு, வேலை என்ன, யார் யாருக்கு என்ன வியாதி என்று கேட்பார்களே தவிர, அந்தப் பேரை யார் கேட்டார்கள்?

அப்பா அப்போதும் தைரியமாகத்தான் இருந்தார். "எங்க கிட்ட ஒரிஜினல் பத்திரம் கீது. அதுல எங்க பூட்டன் யாரு, எவரு, அண்ணன் தம்பி உண்டா இல்லியா, எல்லாம் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பெட்டியைத் திறந்தார். பட்டுப் புடவையை எடுத்தார். வசம்பை எடுத்தார். பெட்டியையே கவிழ்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். 

"ஏ மே! பத்திரத்த எங்க வச்ச?"

"நான் எதுக்கு அதத் தொடறேன்?"

"நீதான் அடுப்புக்குப் போட்டிருப்ப. ஒனக்கு எந்த பேப்பரப் பாத்தாலும் அடுப்பு ஞாபகம்தான்."

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வைத்து அப்படிக் கேட்டார். அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். அதற்கப்புறம் பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை. குழம்புக்கு உப்பு போதுமா என்பதைக்கூட என்னிடம் சொல்லி, நான் அப்பாவிடம் கேட்டு, அவர் என்னிடம் சொல்லி, நான் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மூன்றடி தூரத்தில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை தூது போன நான், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அடிக்குப் பயந்தேனா என்றால், அப்பா அதிகம் அடிக்க மாட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே, அதற்குத்தான் பயந்தேன்.

அப்பா பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார். பழைய பதிவேடெல்லாம் டவுனில் இருக்கிறது, மனு எழுதிக் கொடுத்தால் தேடி எடுத்துக் கொடுப்பார்கள், சில வாரம் ஆகும் என்றார்களாம். எங்களுக்கு இருந்தது ஒரு வாரமும் சொச்சமும்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, வீட்டிலிருந்து யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அத்தை தன் கல்யாண ஜாக்கெட்டைத் தானே தைத்துக்கொண்டிருந்தது. ஒரு கை வைத்தாகிவிட்டது, இன்னொரு கை வைக்கவில்லை. அது அப்படியே ஊசிக்கு அடியில் கிடந்தது.

செவ்வாயோ புதனோ, பள்ளிக்கூடம் விட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். வெளியே கரும்புச் சோகை எரிகிற வாசனை. அத்தை சாணி மெழுகிய தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தது. நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அத்தை கூரையைப் பார்த்துச் சொன்னது:

"ஏன் பாப்பா, ஊருல எல்லாப் பொண்ணுக்கும் மாப்புள்ளையா வரானுங்க. எனக்கு மட்டும் இன்னாடி, அண்ணனாவே வரானுங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. நான் அதுவரை அத்தை அழுது பார்த்ததில்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி அத்தை மடியில் வைத்தேன்.

"இன்னா, பாடம் சொல்லித் தரணுமா? இப்பவா?"

தலையாட்டினேன், இல்லை என்று. அட்டையின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினேன். முத்திரை தெரிந்தது.

 அத்தை என் தலையில் குட்டுகிற மாதிரிக் கையை ஓங்கி, தடவிக் கொடுத்தது. "ஊமைக் கோட்டான்! இத்தினி நாளா இதத் தூக்கிக்கினு பள்ளிக்கூடம் போய் வந்தியா?" என்றது. தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சோற்றுப் பசையைப் பிரித்தோம். பருக்கைகள் கல்லாகியிருந்தன. கிழியாமல் வந்தது, அந்த இரண்டு முக்கோணம் போக.

"பெட்டிக்குப் பின்னால கெடந்துதுன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. தொறக்கவா போற!" என்றது அத்தை.

பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருத்தர்தான். சைகோன் வரைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய பெரியவர். அந்த மாதிரி ஆட்களை நம்ம பக்கம் சொல்தா என்போமே, அப்படித்தான் அவருக்கும் பேர். தன் நாயோடு மட்டும் பிரெஞ்சில் பேசுவார். "மனுஷங்க ஒழுங்கா பதில் சொல்றதில்ல" என்பார். சனிக்கிழமை காலை எல்லாரும் அவர் வீட்டுக்குப் போனோம். அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா, மறுபடி பஸ் பிடித்து வந்த வில்லியனூர் அம்மா, மாப்பிள்ளை, வண்டிக்காரர், சாட்சிக்கென்று தானாகவே வந்த சின்னம்மா. அத்தை வரவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டது. நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால்.

அப்பா பத்திரத்தை முத்திரைப் பக்கம் மேலாக, அத்தை சொல்லிக் கொடுத்தபடியே, தட்டில் வைத்துக் கொடுத்தார். சொல்தா கண்ணாடியைப் போட்டார். வெளிச்சம் போதவில்லை என்று எழுந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, பத்திரத்தை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார்.

பின்பக்கம் எங்கள் எல்லாருக்கும் நேராக வந்தது. 'தமிழ்ப் புத்தகம், மூன்றாம் வகுப்பு.' கீழே என் பேர், முத்து முத்தாக.

எந்த ஒன்றுக்குப் பயந்து பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது நடந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நாய்கூடப் பார்த்தது. அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அப்பா சட்டென்று தரையில் எறும்பு தேட ஆரம்பித்தார்.

சொல்தாவுக்கு இதொன்றும் தெரியாது. அவர் பத்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரு ஒண்ணா ஆஜராயிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் தொழிலு, வண்டி ஓட்டுறது. கூட்டா ஒரே வண்டி வச்சிக்கிறவங்க. எங்க ரெண்டு பேருக்கும், எங்க வாரிசுங்களுக்கும், ஒரே பேரா வைக்கணும்னு கேட்டுக்கிறாங்க. வச்ச பேரு, லஷாரெத்."

"அண்ணன் தம்பிதானே?" என்றாள் சின்னம்மா. "அத்த மொதல்ல சொல்லுங்க."

"இரும்மே, படிக்க வுடு." விரலால் தடவிக்கொண்டே வந்தார். "ரெண்டாவது ஆளு மொத ஆளுக்கு... போ ஃப்ரேர். அப்டின்னா மச்சான். மொத ஆளு, மேஸ்திரியோட பூட்டன். அவரோட பொண்டாட்டி இவரோட கூடப் பொறந்தவ. பேரு..." பத்திரத்தைக் கிட்டே கொண்டுபோனார். திருப்பினார். "பேரு இருக்கிற எடத்துல ஓட்ட."

முக்கோணமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் வந்தது.

வில்லியனூர் அம்மா திடீரென்று கையைத் தட்டியது. "அடி ஆத்தா! எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு, அவரோட தாத்தா கிட்ட மாடு மட்டும்தான் இருந்துச்சாம், வண்டி மச்சானோடதாம். வண்டி இல்லாத மாடு, மாடு இல்லாத வண்டி, ரெண்டும் சேந்துதான் பொழச்சோம்னு சொல்லுவாரு. அந்த மச்சான் இவங்கதானா?"

"அப்பன்னா பங்காளி இல்ல" என்றார் வண்டிக்காரர், விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டே. "மாமன் மச்சான் வழி. கொடுத்து வாங்குற வூடு. மாப்புள்ளைக்கு இந்தப் பொண்ணு அத்த மவ மொறதான் வருது!"

மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாக எல்லார் முன்னாலும் பல் தெரியச் சிரித்தார். சின்னம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நான் அன்னிக்கே நெனச்சேன், மொகச் சாடையே மொறப் பையன் சாடதான்னு" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். தலை நிமிர்ந்துவிட்டது. "அதெல்லாம் சரி. பேருக்கு அர்த்தம் இன்னான்னு இவங்களுக்கும் சொல்லுங்க."

"லஷாரெத்தா? மாட்டு வண்டி."



"குதிரப் படை..." என்றார் அப்பா.

"குதிர இல்ல மேஸ்திரி. இங்க எழுதிக்கிறதே வண்டிக்காருங்கன்னு. என்னா பேருடா வேணும்னு கேட்டிருப்பான், வாசல்ல நிக்கிற வண்டியக் காட்டியிருப்பாங்க."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இருவது வருஷமா தெரியும். யாரு என்னக் கேட்டீங்க?"

முதலில் சிரித்தது வண்டிக்காரர். அப்புறம் அம்மா. பத்து நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, புடவையை வாயில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து சிரித்தாள். அப்பா வண்டிக்காரரைப் பார்த்து, "இப்ப இன்னான்ற?" என்றார். "ஒண்ணுமில்ல பங்காளி" என்றார் அவர். அதற்கு அப்பாவும் சிரித்துவிட்டார்.

நான் யாருக்கும் காத்திராமல் ஆற்றோரப் பாதையில் ஓடினேன். அத்தை வாசலிலேயே நின்றிருந்தது. மூச்சு வாங்கியதில் எனக்கு இரண்டே வார்த்தைதான் வந்தது: "மச்சான்தான், அத்த!" அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியது. நான் தண்ணி குடித்து முடிப்பதற்குள் உள்ளே தையல் மெஷின் சத்தம் கேட்டது.

அப்பா அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தக் காலத்து ஆம்பளைக்கு அது வராது. சாயங்காலம் பாகூர் பாய் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலை உருண்டை வாங்கி வந்து, அடுப்பு மேடையில், அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். "உப்பு போதுமான்னு ஒங்கப்பாவக் கேளு" என்று அம்மா என்னிடம் சொல்லப்போய், பாதியில் நிறுத்தி, அவரையே கேட்டாள். எனக்கு ஒரு சுருட்டுக் காக்கிப் பேப்பர் வந்தது. அதை என் கையில் கொடுத்து, காதைத் திருகினார். வலிக்கிற மாதிரித் திருகவில்லை.

இப்போது நினைத்தால் தோன்றுகிறது, பெரியவர்கள் எவ்வளவு சுலபமாகத் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்று. பேர் ஒன்றானால் ரத்தம் ஒன்று என்றார்கள். பேப்பர் காணாமல் போனால் பெண்டாட்டி எரித்திருப்பாள் என்றார்கள். பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

மூன்றாம் ஓலையை உபதேசியார் உரக்க வாசித்தார், இரண்டு தடவையும் அந்தப் பேரை அழுத்தி. கல்யாணத்துக்கு அப்பா கார் பேசி வைத்திருந்தார். வில்லியனூர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பேரே வண்டி. அப்பால காரு எதுக்கு?" வண்டிக்காரர் தன் மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, வண்டிக்கு வாழைக்குருத்தும் காகிதப் பூவும் கட்டினார். கோயிலில் மோதிரம் மாற்றிய கையோடு, பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் வில்லியனூர் போனார்கள். பாதி நாள் பிடித்தது. துணைக்கு என்னையும் ஏற்றிவிட்டார்கள். வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம். அப்பா முன்னால் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கயிற்றை வாங்கினார். மாடு நேரே ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போனது. "பரம்பரத் தொழிலு மறந்துபூட்ச்சு" என்றார் வண்டிக்காரர்.

அப்போதுதான் மாப்பிள்ளை அத்தையிடம் மெதுவாகச் சொன்னார், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு. "பொண்ணு பாக்க வந்தப்பவே பெட்டி மேல பேரப் பாத்துட்டேன். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எங்கப்பா காயிதத்துல பாத்துப் பாத்து அந்த எழுத்தோட உருவம் தெரியும். பாத்தா பொண்ணு வேணாம்னுடுவாங்க. அதான் அது மேலயே உக்காந்துட்டேன்."

"அதானா! எங்கண்ணி அழுத்தமான புள்ளன்னு சொன்னாங்க" என்றது அத்தை. இரண்டு பேரும் வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

நம்ம பெண்களெல்லாம் கல்யாணமானால் பேரில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம். என் குடும்பப் பேரும் அப்படித்தான் போனது. என் ரேஷன் கார்டில் அது இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே பேராக இருந்த பெண் எனக்குத் தெரிந்து அத்தை ஒருத்திதான். அந்தப் பேருள்ள வீடுகளை இப்போதும் விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் அந்த வண்டியும் அந்த மாடும்தான். அத்தை பேரன் ஒருத்தன் பிரான்சில் இருக்கிறான். அங்கே யாராவது பேரைக் கேட்டால் சிரிக்கிறார்களாம். அவனும் கூடச் சிரித்துவிட்டு, "எங்களுது ரெண்டு மாடு பூட்டினது" என்பானாம்.

பச்சைப் பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கடைசியில் கோழி அடைக்கிறதற்குப் போனது. பத்திரத்தை அத்தை கண்ணாடிச் சட்டம் போட்டு வில்லியனூர் வீட்டில் மாட்டியிருந்தது. யாராவது கேட்டால் சட்டத்தைத் திருப்பி என் எழுத்தையும் காட்டும். ஒரு புயலில் ஓடு பறந்து, மழை இறங்கி, காலையில் பார்த்தால் சட்டத்துக்குள் கூழ்தான் இருந்தது. அத்தை போயும் வருஷமாகிறது.

இப்போது நான் கேட்க வந்தது இதுதான். நான் சொன்னதில் வாரமோ கிழமையோ தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்கள் திருத்துங்கள், கோபப்பட மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் யாராவது கண்டிப்பாகச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். டவுனில் அந்தப் பழைய பதிவேடு இன்னும் இருக்கும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்தப் பக்கம் வேலையில் இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். லஷாரெத் என்று தேடினால் போதும், வேறு யாரும் அந்தப் பேரில் இருக்க மாட்டார்கள். வண்டி வைத்திருந்தவருக்குப் பெண்சாதியாகவும், மாடு வைத்திருந்தவருக்குக் கூடப்பிறந்தவளாகவும் இருந்தாளே ஒருத்தி, அவள் பேர் அதில் இருக்கும். அவளால்தான் அத்தை கல்யாணம் நடந்தது. அவள் பேரைத்தான் நான் வெட்டி அடுப்பில் போட்டேன்.

அத்தையின் பேத்திக்கு ஐப்பசியில் பிரசவம். பெண் குழந்தையாக இருந்தால் அந்தப் பேரையே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் தெரிந்தால் நல்லது.